அலுவலக சர்வரில் டெபியன்

சிறிய அலுவலகங்களின் கணினி நெட்வொர்க்கைப் பராமரிப்பது என் தொழில். தணிக்கையாளர் அலுவலகம், மருந்து மொத்த விற்பனை நிலையம், பொறியாளர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் கட்டட நிறுவனம் என்று, பத்திலிருந்து முப்பது கணினிகள் வரை உள்ள இடங்கள். இங்கெல்லாம் சர்வர் என்ற பேச்சு எழுந்ததும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் பெயர் வருகிறது, அதன் பின்னாலேயே 'அது இலவசம்தானே' என்ற வாக்கியமும் வருகிறது. லினக்ஸ் பல தொகுப்புகளாகக் கிடைக்கிறது, அவற்றை டிஸ்ட்ரோ என்பார்கள். நான் வைத்துத் தருவது டெபியன் என்ற டிஸ்ட்ரோ.

இலவசம் என்பது உண்மைதான். விண்டோஸ் சர்வரின் ஸ்டாண்டர்டு பதிப்பை வாங்கினால் இயந்திரத்தின் கோர்களை எண்ணி, குறைந்தது 16 கோருக்கு உரிமம் எடுக்க வேண்டும். அதற்கு மேல் அந்த சர்வரோடு இணையும் ஒவ்வொரு ஆளுக்கோ ஒவ்வொரு கணினிக்கோ தனித்தனியாக இன்னோர் உரிமமும் வேண்டும். லினக்ஸில் இந்த இரட்டைக் கணக்கு கிடையாது. ஆனாலும் அலுவலக சர்வர் என்பது ஒருமுறை வைத்தால் ஐந்தாறு ஆண்டுகள் ஓட வேண்டிய பொருள் என்பதால், வாங்கும் நாளில் மிச்சமாகும் தொகையைவிட, அந்த ஐந்தாறு ஆண்டுகளும் அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்குமா என்பதையே நான் முதலில் பார்க்கிறேன். அப்படிப் பார்க்கத் தொடங்கினால் கேட்க வேண்டிய கேள்வி வேறாகிவிடுகிறது: இந்த இயங்குதளத்தை நடுவழியில் நிறுத்திவிடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

இந்தக் கேள்வியை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் உறைக்கும்படி எழுப்பியது செண்ட்ஓஎஸ் என்ற டிஸ்ட்ரோ. ரெட் ஹேட் நிறுவனம் தன் வணிக லினக்ஸ் பதிப்புக்காக வெளியிடும் மூலநிரலை எடுத்து, அந்நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் நீக்கிவிட்டு மறுபடி தொகுத்துத் தரும் திட்டமாக 2004 இல் அது தொடங்கியது. சந்தா கட்டாமலே ரெட் ஹேட்டின் உறுதி கிடைத்ததால் உலகெங்கும் சர்வர் அறைகளில் பரவியது. 2009 இல் ஒருமுறை ஆட்டம் கண்டது. இணைய முகவரியையும் நன்கொடைக் கணக்கையும் தம் கையில் வைத்திருந்த ஒருவர் தொடர்பு எல்லைக்கு வெளியே போய்விட, மற்ற உறுப்பினர்கள் அவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதும் நிலை வந்தது. அது ஒருவாறு தீர்ந்தது. 2014 ஜனவரியில் ரெட் ஹேட்டே அத்திட்டத்தைத் தன் குடையின்கீழ் கொண்டுவந்தபோது, இனிமேல் கவலையில்லை என்றே பலரும் எண்ணினார்கள். 2019 செப்டம்பரில் வெளிவந்த 8 ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு என்பது அப்போதைய கணக்கு. 2020 டிசம்பர் 8 அன்று, அந்தப் பதிப்பு 2021 டிசம்பர் 31 உடன் முடிவுக்கு வரும் என்று அறிவித்துவிட்டார்கள். ஏழு ஆண்டுகளுக்கு மேலான ஆயுள் ஒரே அறிவிப்பில் கரைந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், முந்தைய 7 ஆம் பதிப்பு மட்டும் சொன்னபடி 2024 ஜூன் 30 வரை நீடித்தது. பழையதையே வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள், காலத்தோடு புதியதற்கு மாறியவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

அந்த இடத்தை நிரப்ப 2021 இல் அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் வந்தன, இரண்டும் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் 2023 ஜூனில் ரெட் ஹேட் தன் வணிகப் பதிப்பின் மூலநிரலைப் பொதுவில் வைப்பதைக் குறைத்துக்கொண்டபோது, இரண்டுமே தங்கள் வேலைமுறையை மாற்றிக்கொள்ள வேண்டிவந்தது. நடத்துபவர்கள் எவ்வளவு திறமையானவர்களாக இருந்தாலும், ஊற்று வேறொருவரின் நிலத்தில் இருக்கும்வரை இந்தப் பதற்றம் தீராது என்பது என் கருத்து.

டெபியன் இந்த வகையில் வேறு. 1993 ஆகஸ்டில் இயான் மர்டாக் தொடங்கிய இத்திட்டத்துக்கு உரிமையாளர் என்று ஒரு நிறுவனம் கிடையாது. அதன் வணிகச் சின்னம், 1997 இல் அமெரிக்காவில் பதிவான 'சாஃப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்ட்ரஸ்ட்' என்ற இலாப நோக்கற்ற அமைப்பின் பெயரில் இருக்கிறது. வாக்குரிமை உள்ள உறுப்பினர்கள் உலகெங்கும் ஏறத்தாழ ஆயிரம் பேர். ஆண்டுக்கு ஒருமுறை தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எழுதப்பட்ட அமைப்பு விதிகள் உண்டு. தலைவருக்குக்கூட ஒரு பதிப்பைத் தானாக நிறுத்திவிடும் அதிகாரம் இல்லை. பெரிய விவகாரங்கள் பொது வாக்கெடுப்புக்குப் போகின்றன. நம் ஊர் சங்கங்களின் பொதுக்குழுவைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது மெதுவான, சண்டை நிறைந்த வழியாகத் தோன்றலாம். மெதுவானதுதான், சண்டையும் உண்டு. ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எவரோ ஒருவர் முடிவெடுத்துவிட்டார் என்ற செய்தி அங்கிருந்து வருவதில்லை.

அந்த வாக்கெடுப்புகள் தத்துவச் சண்டைகளாக மட்டும் முடிந்துவிடுவதில்லை என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். பயன்படுத்திய பழைய பிராண்டட் சர்வரை வாங்கி அதில் டெபியனை நிறுவியவர்களுக்குத் தெரியும்: நிறுவல் பாதி நடந்துகொண்டிருக்கும்போது, அதில் இருக்கும் பிராட்காம் நெட்வொர்க் சிப்புக்கு, அதை இயக்கும் ஃபர்ம்வேர் கோப்பு வேண்டும், பென்டிரைவில் தாருங்கள் என்று திரை கேட்டு நிற்கும். அக்கோப்பு கட்டற்ற மென்பொருள் அல்ல என்பதால் அதை அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்ப்பதில்லை என்பது டெபியனின் நெடுநாள் கொள்கையாக இருந்தது. நெட்வொர்க் வேலை செய்தால்தான் கோப்பை இறக்க முடியும், கோப்பு இருந்தால்தான் நெட்வொர்க் வேலை செய்யும். 2022 இல் இதை உறுப்பினர்களின் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். ஃபர்ம்வேர்களைச் சேர்க்கலாம் என்ற தீர்மானம் வென்றது. 2023 ஜூன் 10 அன்று வெளிவந்த 12 ஆம் பதிப்பிலிருந்து அந்தத் திரை என் வேலையில் வருவதில்லை. கொள்கையில் பிடிவாதம் உள்ளவர்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு என்பதால் அதன்மேல் எனக்கு நம்பிக்கையும் கூடுதல்.

மற்ற டிஸ்ட்ரோக்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஃபெடோராவின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 13 மாதமே ஆதரவு. மேசைக் கணினிக்கு அருமையானது, ஆண்டுக்கு ஒருமுறை சர்வரைத் திறந்து வைத்துக்கொள்ள எந்த அலுவலகமும் ஒப்பாது. ஆர்ச் போன்ற, பதிப்பே இல்லாமல் நாள்தோறும் மாறும் டிஸ்ட்ரோக்கள் கற்றுக்கொள்ள நல்லவை. உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புக்கு ஐந்தாண்டு ஆதரவு உண்டு, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அது கனோனிகல் என்ற நிறுவனத்தின் பொருள், அதன் அடித்தளம் டெபியன். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனின்மீது கட்டப்பட்டதுதான். இத்தனை பேர் சார்ந்து நிற்கும் அடித்தளத்தையே நேராக எடுத்துக்கொள்வது எளிது. டெபியனின் நிலையான பதிப்பு ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை வருகிறது. மூன்றாண்டு முழு ஆதரவு, அதன்பின் வேறொரு குழுவின் பொறுப்பில் இரண்டாண்டு நீண்டகால ஆதரவு, ஆக ஐந்தாண்டு.

இனி சர்வர் செய்யும் வேலைக்கு வருகிறேன். இத்தகைய அலுவலகத்தில் அதன் தலையாய வேலை கோப்புகளைப் பகிர்வது. மேசைக் கணினிகள் எல்லாம் விண்டோஸ், சர்வர் லினக்ஸ். நடுவில் மொழிபெயர்ப்பாளராக நிற்பது சாம்பா. ஆஸ்திரேலியாவின் கான்பராவில் ஆண்ட்ரூ ட்ரிஜல் 1990களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கியது அது. மைக்ரோசாஃப்டின் நெறிமுறை ஆவணம் எதுவும் இல்லாத காலத்தில், கம்பியில் ஓடும் தரவுப் பொட்டலங்களைப் பார்த்தே அதை உருவாக்கினார்கள். ஐரோப்பிய ஆணையம் தொடுத்த போட்டி விதிமீறல் வழக்கின் விளைவாக 2007 டிசம்பரில்தான் அந்த ஆவணங்கள் முறைப்படி அவர்கள் கைக்கு வந்தன. இன்று விண்டோஸ் கணினியில் அமர்ந்திருப்பவருக்கு, எதிரே இருப்பது லினக்ஸ் என்பது தெரியவே தெரியாது.

நடைமுறையில் சாம்பாவில் நான் முதலில் கை வைப்பது மூன்று இடங்களில். பிரிவுக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு கோப்புறை, உள்ளே உருவாகும் கோப்பு எல்லாம் அந்தக் குழுவுக்கே சொந்தமாகும்படி அனுமதி அமைப்பது ஒன்று. இதைச் செய்யாவிட்டால் ஒருவர் சேமித்த கோப்பைப் பக்கத்து மேசைக்காரர் திருத்த முடியாது என்ற புகார் மாலைக்குள் வந்துவிடும். அழித்த கோப்புகள் ஒரு மறைவான கோப்புறைக்குப் போகும்படி சாம்பாவின் ரீசைக்கிள் வசதியை இயக்குவது இரண்டாவது. நெட்வொர்க்கில் அழித்தது விண்டோஸின் குப்பைத்தொட்டிக்கு வராது என்பது பெரும்பாலோருக்குத் தெரியாது. மூன்றாவது, பலர் ஒரே நேரத்தில் திறக்கும் கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்புகள். ஒரு கணினி தன்னிடமே நகல் வைத்துக்கொண்டு எழுதிப் பின்னர் அனுப்புவதற்குச் சாம்பா தரும் சலுகையை ஆப்லாக் என்பார்கள்; தனியாள் திறக்கும் வேர்டு கோப்புக்கு அது வேகம் தரும்; பத்துப் பேர் எழுதும் தரவுக் கோப்பில், ஸ்விட்ச்சின் ஒரு போர்ட் தளர்ந்திருந்தாலும் கோப்பையே கெடுத்துவிடக்கூடும். அந்தப் பகிர்வில் மட்டும் அதை நிறுத்திவிடுகிறேன். வேகம் சற்றுக் குறைகிறது, யாரும் குறை சொன்னதில்லை.

ஜெராக்ஸ் இயந்திரம் ஒரு தனிக் கதை. ஸ்கேன் செய்ததை நேரே சர்வரின் கோப்புறைக்கு அனுப்பும் வசதி பழைய இயந்திரங்கள் பலவற்றில் உண்டு, ஆனால் அவற்றுக்குத் தெரிந்தது விண்டோஸ் கோப்புகளைப் பகிரும் எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பு மட்டுமே. 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் உலகத்தைச் சுற்றியது அந்த முதல் பதிப்பில் விண்டோஸில் இருந்த ஓட்டை வழியாகத்தான். 2019 இல் வந்த 4.11 முதல் சாம்பாவும் அதை இயல்பாகவே மூடி வைத்திருக்கிறது. ஒரே ஓர் இயந்திரத்துக்காக அந்தக் கதவை அலுவலகம் முழுமைக்கும் திறந்துவிடும் அமைப்புகளை அடிக்கடி பார்க்கிறேன். இயந்திரத்தில் எஃப்டிபி என்ற பழைய கோப்பு அனுப்பும் முறை இருந்தால், அதன் முகவரியிலிருந்து மட்டும் ஏற்கும்படி ஒரு சிறிய எஃப்டிபி சேவையை வைத்து, ஸ்கேன்கள் விழும் கோப்புறையைச் சாம்பாவில் எல்லோருக்கும் காட்டிவிடலாம். எதிர்த்திசையிலும் ஒரு நெருக்கடி உண்டு. 2024 இல் வந்த விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பு, புரோ கணினிகளில் தரவு நடுவில் மாற்றப்படவில்லை என்று சரிபார்க்கும் கையொப்பமிட்ட இணைப்பைக் கட்டாயமாக்கி, கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவையும் மறுக்கிறது. 'எல்லோருக்கும் திறந்த' பகிர்வு வைத்திருந்த இடங்களில் அது திடீரென்று நின்றுபோனதாகத் தோன்றும். ஆளுக்கொரு பயனர் பெயர் கொடுப்பதுதான் வழி. அதை முதல் நாளே செய்வது நல்லது.

தமிழில் கோப்புப் பெயர் வைக்கும் அலுவலகங்களில் மட்டும் எழும் ஒரு சிக்கல் இருக்கிறது, இதை ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்த வழிகாட்டியிலும் நான் பார்த்ததில்லை. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமையான எக்ஸ்ட்4 இல் ஒரு பெயரின் உச்சவரம்பு 255 பைட். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் அது 255 குறியீடு. ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்றுதான். யூனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் ஆகிறது. அதிலும் 'கி' என்பது ககரமும் இகரக் குறியுமாக இரண்டு குறியீடு, 'க்' என்பதும் இரண்டு, ஆக ஆறு பைட். வேறு வகையில் சொன்னால், 85 குறியீடுகளோடு, அதாவது ஐம்பது அறுபது எழுத்துகளிலேயே இடம் முடிந்துவிடும். கடிதத்தின் பொருள் வரியையே கோப்புக்குப் பெயராக வைப்பது நம் அலுவலகங்களின் பழக்கம். 'மாவட்டத் தொழில் மையத்தில் மானியம் கோரி அளித்த விண்ணப்பத்தின் மீதான நினைவூட்டல் கடிதம்' என்ற பெயர், டாக்ஸ் என்ற நீட்சியோடு சேர்த்து 242 பைட் வருகிறது, சர்வர் ஏற்றுக்கொள்ளும். அதையே மேலாளர் திருத்தியபின் கடைசியில் 'இறுதி' என்று ஒரு சொல்லைச் சேர்த்துச் சேமிக்கப் பார்த்தால் 258 ஆகிவிடும், சர்வர் மறுத்துவிடும். தன் கணினியில் சேமிக்க முடிகிறது, சர்வரில் முடியவில்லை என்றால் ஊழியர் அனுமதிச் சிக்கல் என்றுதான் நினைப்பார். வரம்பு ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனி என்பதால், 'மானிய விண்ணப்பம்' என்று கோப்புறையையும் உள்ளே 'நினைவூட்டல் இறுதி' என்று கோப்பையும் வைத்தால் எந்தத் தொல்லையும் இல்லை. பழைய கணினிகளிலிருந்து மொத்தமாகக் கோப்புகளைச் சர்வருக்கு மாற்றும் முன் நீளமான பெயர்களைத் தேடிப் பட்டியலிடும் சிறு ஸ்கிரிப்டு ஒன்று இப்போது என் பையில் நிரந்தரமாக இருக்கிறது.

பயனர் கணக்குகளை மையமாக வைக்க வேண்டுமா என்பதில் எனக்கு ஒரு கோடு உண்டு. 2012 டிசம்பரில் வந்த சாம்பா 4.0 முதல், எல்லாப் பயனர் கணக்குகளையும் ஓரிடத்தில் வைக்கும் விண்டோஸின் ஆக்டிவ் டைரக்டரி டொமைனையே டெபியன் சர்வரால் நடத்த முடிகிறது. ஊழியர்கள் இடம் மாறி அமரும், கடவுச்சொல் விதிகள் கட்டாயமாக வேண்டிய அலுவலகத்துக்கு அது தேவை. பத்துக் கணினிக்கு அது சுமை. டொமைன் வைத்தால் பெயர் சேவையும் நேரமும் பிசகக் கூடாது. டொமைனில் உள்நுழைவைச் சரிபார்க்கும் கெர்பரஸ் முறையில் சர்வருக்கும் கணினிக்கும் கடிகாரம் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் உள்நுழைவே மறுக்கப்படும். கடிகாரத்தை ஓட வைக்கும் சிமாஸ் பேட்டரி தீர்ந்துபோன பழைய கணினி ஒன்று, மின்தடைக்குப் பிறகு எழுந்து ஏதோ ஓர் ஆண்டைக் காட்டிக்கொண்டு 'கடவுச்சொல் தவறு' என்று அடம்பிடிப்பதைப் பார்த்தால், ஐம்பது ரூபாய் பேட்டரியின் பெருமை விளங்கும். முகவரி வழங்குவதற்கும் உள் பெயர்களுக்கும், டொமைன் இல்லாத இடங்களில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறு மென்பொருள் ஒன்றே போதும். ஸ்க்விட் ப்ராக்ஸி வைத்து இணையப் பக்கங்களைச் சேமித்து வேகம் கூட்டுவது முன்பு பயனுள்ளதாக இருந்தது. எல்லாத் தளங்களும் மறைகுறியீட்டுக்கு மாறிவிட்டதால் இப்போது அதை நான் வைப்பதில்லை. மின்னஞ்சல் சர்வரையும் அலுவலகத்துக்குள் வைப்பதில்லை.

மின்சாரம் பற்றிச் சொல்லாமல் நம் ஊர் சர்வரைப் பற்றிப் பேச முடியாது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்தடை இருக்கும் நாளில் யூபிஎஸ் அரை மணி தாங்கும், அவ்வளவுதான். யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி கம்பியைச் சர்வரில் செருகி, டெபியனின் நட் என்ற மென்பொருள் பொதியை அமைத்துவிட்டால், பேட்டரி குறையும்போது சர்வர் தானாகவே முறையாக அணைந்துவிடும். யூபிஎஸ் வாங்கும்போது அந்த யூஎஸ்பி துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் அது இருப்பதில்லை. மின்சாரம் திரும்பியதும் தானே எழும்படி பயாஸிலும் ஓர் அமைப்பு உண்டு.

வட்டுகள் இரண்டை, ஒரே தரவு இரண்டிலும் எழுதப்படும் ரெய்டு 1 முறையில் இணைத்து வைக்கிறேன். இதில் பலர் விட்டுவிடும் ஒன்று: தரவு இரண்டு வட்டிலும் இருக்கும், ஆனால் இயந்திரத்தைத் துவக்கும் கிரப் ஒரு வட்டில் மட்டும் இருக்கும், அந்த வட்டு போனால் தரவு பத்திரமாக இருந்தும் சர்வர் எழாது. எனவே சர்வரை ஒப்படைக்கும் முன், ஒவ்வொரு வட்டின் கம்பியையும் மாற்றி மாற்றிக் கழற்றிவிட்டு அது எழுகிறதா என்று பார்த்துவிடுகிறேன். டெபியன் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ரெய்டு முழுவதையும் தானே படித்துச் சரிபார்க்கிறது. ஞாயிறு அன்று சர்வரை அணைத்துவிட்டுப் போகும் அலுவலகங்களில் இது நடக்காது, அங்கே நாளை மாற்றி வைக்க வேண்டும்.

ரெய்டு பேக்கப் ஆகாது என்பது எல்லோரும் சொல்வதுதான். பேக்கப்பை எந்தத் திசையில் எடுப்பது என்பதைத்தான் சொல்ல விரும்புகிறேன். சர்வரில் செருகிய யூஎஸ்பி வட்டுக்கு இரவில் நகலெடுப்பது பரவலான வழக்கம். சர்வரே ஊடுருவிய ஒருவர் கைக்குப் போய்விட்டால் அந்த வட்டும் கூடவே போய்விடும். வேறோர் அறையில் இன்னொரு சிறிய டெபியன் இயந்திரத்தை வைத்து, அது சர்வரிடமிருந்து இழுத்துக்கொள்ளும்படி அமைத்தால், சர்வருக்கோ விண்டோஸ் கணினிகளுக்கோ அந்த இயந்திரத்தின் கடவுச்சொல் தெரியவே தேவையில்லை. ஆர்ஸ்நாப்ஷாட் என்ற பொதி இதற்கு ஏற்றது. ஒவ்வொரு நாளின் நகலும் முழுக் கோப்புறையாகத் தெரியும், ஆனால் மாறாத கோப்புகள் வட்டில் ஒருமுறைதான் இருக்கும். அதன் அடியில் வேலை செய்யும், கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்கை எழுதியவர்களில் ஒருவர் சாம்பாவைத் தொடங்கிய அதே ட்ரிஜல்தான். ஒரு சிறிய அலுவலகத்தின் பகலும் இரவும் ஒரே மனிதரின் நிரல்களில் ஓடுகின்றன என்று நான் சொன்னால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

டெபியனின்மேல் உள்ள வழக்கமான குறை, அதில் எல்லாம் பழைய பதிப்பாக இருக்கிறது என்பது. பழையதுதான். பாதுகாப்பு ஓட்டை வந்தால் புதிய பதிப்பைத் தராமல், பழைய பதிப்பிலேயே அந்த ஓட்டையை மட்டும் அடைத்துத் தருவது அவர்கள் முறை. இதனால் வெளி நிறுவனத்தின் பாதுகாப்புச் சோதனை நடந்தால், பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து 'ஆபத்தானது' என்று நீளமான அறிக்கை வரும். ஒவ்வொன்றுக்கும் டெபியனின் பாதுகாப்புப் பதிவேட்டைக் காட்டிப் பதில் எழுத வேண்டியிருக்கும். அலுப்பான வேலைதான். ஆனால் இந்தப் பழமையின் அருமை 2024 மார்ச் 29 அன்று தெரிந்தது. எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுக் கள்ளவழி வைத்திருந்ததை, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்து வெளியிட்டார். டெபியனின் சோதனைப் பதிப்புகளுக்குள் அது நுழைந்திருந்தது. நிலையான 12 ஆம் பதிப்பில் இருந்தது 5.4.1, அங்கே அது எட்டவே இல்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2006 இல் டெபியனின் பராமரிப்பாளர் ஒருவர் மறைகுறியீட்டுக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் செய்த சிறு மாற்றத்தால், அதன்பின் டெபியனில் உருவான மறைகுறியீட்டுச் சாவிகள் எளிதில் ஊகிக்கக்கூடியவையாகிவிட்டன; ஒரு வகை இயந்திரத்தில் ஒரு நீளத்துக்கு ஏறத்தாழ 32,768 சாவிகளே சாத்தியம் என்ற நிலை. 2008 மே மாதத்தில்தான் அது வெளியே தெரிந்தது. உபுண்டு உட்பட டெபியனைச் சார்ந்தவை எல்லாம் சேர்ந்தே பாதிக்கப்பட்டன. பல கண்கள் பார்க்கின்றன என்பதை நான் ஒரு காப்பீடாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுவே காரணம். கண்டுபிடித்த பிறகு எதையும் மறைக்கவில்லை, பலவீனமான சாவிகளின் பட்டியலையே தயாரித்து வெளியிட்டார்கள் என்பதை மட்டும் அவர்கள் பக்கம் எழுதிக்கொள்கிறேன். பாதுகாப்புத் திருத்தங்கள் இரவில் தானாக நிறுவப்படும்படி அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் பொதியை எல்லா இடத்திலும் இயக்கி வைத்திருக்கிறேன். மனிதர் நினைவு வைத்திருந்து செய்வதைவிட அது மேல்.

உண்மையான பலவீனம் டிஸ்ட்ரோவில் இல்லை, ஆளில் இருக்கிறது. விண்டோஸ் சர்வர் தெரிந்தவர் எந்த ஊரிலும் கிடைப்பார். டெபியன் தெரிந்தவர் மாவட்டத்துக்குச் சிலர். அமைத்தவர் ஊரைவிட்டுப் போய்விட்டால் அலுவலகம் திகைத்து நிற்கும். அதனால் அமைப்புக் கோப்புகள் இருக்கும் கோப்புறை முழுவதையும் ஈடிசிகீப்பர் என்ற பொதி கொண்டு, மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்துவைக்கும் கிட்டில் வைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணத்தைத் தமிழிலேயே ஒரு வரி எழுதுகிறேன். அச்சடித்த நான்கைந்து பக்கங்கள் சர்வரின் மேலேயே ஓர் உறையில் இருக்கும்: எந்தக் கம்பி எந்த போர்ட், பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பை எடுப்பது எப்படி, வட்டு மாற்றுவது எப்படி. நிர்வாகக் கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில் முதலாளியின் பீரோவில் இருக்கும். இதற்கு ஒப்பாத அலுவலகத்துக்கு நான் டெபியன் வைத்துத் தருவதில்லை, வேறு ஏதாவது வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன்.

டெபியனின் 12 ஆம் பதிப்பில் இருப்பவர்களுக்கு அவசரமில்லை. நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்த 13 க்கு மாற நினைப்பவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். 11 இலிருந்து நேரே 13 க்குத் தாவ முடியாது, 12 ஐத் தொட்டுத்தான் போக வேண்டும். 32 பிட் பழைய கணினியைச் சர்வராக வைத்திருப்பவர்களுக்கு 12 தான் கடைசி. 13 இல் அதற்கு இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலும் இல்லை, நிறுவியும் இல்லை. தற்காலிகக் கோப்புகளுக்கான டிஎம்பி கோப்புறை இப்போது வட்டில் அல்லாமல் நினைவகத்தில் இருக்கும், நினைவகத்தில் பாதி அளவு வரை. தரவுத்தளத்தின் பெரிய நகலை அங்கே உருவாக்கிப் பிறகு நகர்த்தும் பேக்கப் ஸ்கிரிப்டுகள் இருந்தால், மாறுவதற்கு முன்பே அவற்றின் பாதையைத் திருத்திவிட வேண்டும். நெட்வொர்க் கார்டின் பெயர் மாறிவிடக்கூடும் என்பதால் வீட்டிலிருந்து தொலைவழியில் இதைச் செய்யாமல், ஒரு சனிக்கிழமை மாலையில் மானிட்டரும் கீபோர்டும் செருகி, இயந்திரத்தின் எதிரில் உட்கார்ந்து செய்வது உத்தமம். சாம்பாவைக் கொண்டு டொமைன் நடத்துபவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: டொமைனை நடத்தும் டொமைன் கன்ட்ரோலர் பகுதி 13 இல் தனிப் பொதியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, அதைத் தேடி நிறுவாவிட்டால் திங்கள் காலையில் ஒருவராலும் உள்நுழைய முடியாது.